தூக்கம் இல்லை, டாக்டர்

உங்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சிரிக்காதீர்கள், கிண்டலுக்குச் சொல்லவில்லை. புதிதாக நர்ஸ் வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் வந்து பேசுங்கள், ஒன்றுபோலத் தெரியும் இங்கிலீஷ் வார்த்தைகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பதென்று சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்று, முதுநகர் வீட்டில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தவளை இதற்காகப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். பட்டியல் வேண்டுமென்றால் உங்கள் போனிலேயே கிடைக்கும். நான் என் வார்டைப் பற்றித்தான் பேசுவேன். பிடிக்காதவர்கள் டீ குடிக்கப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரி சிதம்பரத்தில். இளம் டாக்டர்களில் நிறையப் பேர் வெளிமாநிலத்துப் பிள்ளைகள். புத்திசாலிகள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த தமிழ் 'வலிக்குதா', 'எங்க', 'நாக்க நீட்டு', அவ்வளவோடு முடிந்துவிடும். எதிரே வந்து உட்காருகிறவர் குமராட்சிப் பக்கத்து வயலிலிருந்து வந்திருப்பார். அவர் தன் நோயைப் பற்றிச் சொல்வது ஒரே வரிதான்: "ஒடம்பு முடியலம்மா." இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நாம் நிற்கிறோம்.

இப்போது சொல்லுங்கள், 'உடம்பு முடியல' என்பதற்கு இங்கிலீஷில் என்ன? பார்த்தீர்களா, ஒரு பெண் 'டயர்ட்' என்கிறாள், பின்னாலிருந்து ஒருத்தி 'வீக்' என்கிறாள். அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. வார்டில் அப்படி இல்லை. டயர்ட் என்று சொன்னால் டாக்டர் சத்து மாத்திரை எழுதிவிட்டு நன்றாக ஓய்வெடுக்கச் சொல்வார். வீக் என்று சொன்னால் எழுந்து வந்து, என் கையை இறுக்கிப் பிடி, காலைத் தூக்கு என்று பார்ப்பார். வேலை செய்து களைத்தவருக்கும் கை கால் விளங்காமல் போகிறவருக்கும் நாம் ஒரே வார்த்தையைக் கொடுத்துவிட்டால், ஒருவர் பிழைத்துக்கொள்வார். இன்னொருவர் போய்விடுவார்.

செல்வியின் கதைக்கு வருகிறேன்.

அடைமழைக் காலம். காலையில் அவசரப் பிரிவு பஸ் ஸ்டாண்டு மாதிரி நிரம்பியிருந்தது. காய்ச்சல், பேதி, வழுக்கி விழுந்து கை ஒடிந்தவர்கள். குமராட்சி தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஆட்டோவில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். அவள்தான் செல்வி, முப்பது வயதுகூட இருக்காது. கூட வந்தவர் அவளுடைய கொழுந்தனார், பிரகாஷ். புருஷன் குவைத்தில் வேலையாக இருந்தார். பிரகாஷ் இன்ஜினியரிங் படித்து மெட்ராஸில் கம்பெனி வேலை பார்க்கிற பையன், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார். அண்ணியைப் பாதி தூக்கிக்கொண்டே வந்து படுக்கையில் கிடத்தினார். நல்ல பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக உங்களுக்கு அவர் மேல் கோபம் வரும்.

டாக்டரம்மா வடக்கத்திப் பெண். வந்ததும் இங்கிலீஷில் கேட்டார். பிரகாஷ் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். டாக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. காலையிலிருந்து சைகையில் பேசிக்கொண்டிருந்தவருக்கு இங்கிலீஷ் பேசுகிற ஆள் கிடைத்துவிட்டாரே.

"ஷி இஸ் வெரி ஸ்லீப்பி, டாக்டர். லேட் நைட் கிச்சன் ஒர்க். ஸ்டமக் பெயின். ஒரு தடவை வாமிட்" என்றார் பிரகாஷ்.

எல்லாம் பொருந்தி வந்தது. ராத்திரி தூங்கவில்லை, வயிறு சரியில்லை, வாந்தி எடுத்திருக்கிறாள், களைத்துப்போய்த் தூங்கி விழுகிறாள். டாக்டர் ஊசியும் குளுகோஸும் எழுதிவிட்டு, கொஞ்சம் தூங்கட்டும், பிறகு பார்க்கிறேன் என்று அடுத்த படுக்கைக்குத் திரும்பினார்.

நான் குளுகோஸ் ஏற்ற அவள் பக்கத்தில் போனேன். அப்போதுதான் அவள் நெற்றியைக் கவனித்தேன்.

தூங்கி விழுகிற மனுஷியின் நெற்றி எப்படி இருக்கும்? பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பார்த்திருப்பீர்கள், தளர்ந்து, வழவழவென்று இருக்கும். இவள் நெற்றி முழுக்கச் சுருக்கம். நெல் மூட்டையைத் தலைக்குத் தூக்குகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள் இல்லையா, அதே சுளிப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, பாதி மூடிய இமைக்குக் கீழாக என்னைப் பார்க்க முயற்சி செய்தாள்.

"செல்வி, என்னா பண்ணுது?" என்றேன்.

"தூக்கம் சிஸ்டர். நான்தான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேனே" என்றார் பிரகாஷ்.

"கொஞ்சம் இருங்க தம்பி. அவுங்களே சொல்லட்டும்."

"அவுங்களால பேச முடியல சிஸ்டர், டயர்டா இருக்காங்க. டாக்டருக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு."

நம் ஊரில் இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு வந்தால் நோயாளிக்கு வாய் கிடையாது. கூட வந்தவர்களில் யார் படித்தவரோ அவர்தான் பேசுவார். மருமகளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், மாமியாரோ கொழுந்தனோ பேசுவார்கள், அவள் தலையாட்டுவாள். இவள் தலையும் ஆட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் குனிந்து அவள் காதருகே கேட்டேன். "செல்வி, தூக்கம் வருதா ஒனக்கு?"

"இல்ல சிஸ்டர்." குரல் மூக்கு வழியாக வந்தது. "கண்ணு தொறக்கல. தொறக்கணும்னுதான் பாக்குறேன். முடியல."

அந்த நிமிஷம் நான் என்ன செய்ய வேண்டும்? டாக்டர் அடுத்த படுக்கையில் இருக்கிறார், அதற்கடுத்தும் ஆள் காத்திருக்கிறது. அவர் முடிவு செய்துவிட்டுப் போன ஒன்றைத் திருப்ப வேண்டும், அதுவும் சொந்தக்காரர் முன்னால். என் வாயில் முதலில் வந்தது 'ட்ரௌசி' என்ற வார்த்தைதான். ஸ்லீப்பி நல்ல உடம்புக்கும் வரும், ட்ரௌசி நோயிலோ மருந்திலோ வரும், ஆகவே இதுதான் சரி என்று தோன்றியது. சொல்லியிருந்தால் டாக்டர் சர்க்கரை பார்த்திருப்பார், என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று கேட்டிருப்பார், தலையில் அடிபட்டதா என்று தேடியிருப்பார். ட்ரௌசி என்றால் மூளை மங்குகிறது என்று அர்த்தம். இவள் மூளை மங்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சுத்தமாகப் பதில் சொல்கிறாள். மூடிக்கொண்டு வருவது இமைதான். ஆக நல்ல வார்த்தை என்று நான் நினைத்ததும் அவளைத் தப்பான கதவுக்குத்தான் அனுப்பியிருக்கும்.

அதனால் வார்த்தை தேடுவதையே விட்டுவிட்டேன்.

"தூக்கம் இல்லை, டாக்டர்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "ஷி வான்ட்ஸ் டு ஓபன் ஹர் ஐஸ். ஷி காண்ட்."

டாக்டர் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு வந்தார். அந்தப் பெண்ணை நான் இன்றைக்கும் கும்பிடுவேன். ஒரு நர்ஸ் குறுக்கே பேசுகிறாளே என்று ஒரு கணம் முறைத்திருந்தால்கூட நேரம் போயிருக்கும். மேலே மின்விசிறியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இமை எழவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள் என்றார். செல்வி கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்தாள். தலை வரவில்லை.

டாக்டரின் அடுத்த கேள்வி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ராத்திரி இவள் எங்கே படுத்தாள் என்று கேட்டார். நான் பிரகாஷிடம் தமிழில் கேட்டேன்.

"தரையிலதான். ஒரே கட்டில்தான் சிஸ்டர் வீட்ல" என்றவர் நிறுத்தினார். "மெட்ராஸ்லேருந்து வந்துருக்கேன்னு அண்ணிதான் எனக்குக் கட்டில்ல படுக்கை போட்டாங்க. அவுங்க கீழ பாய்ல படுத்தாங்க."

வீட்டைச் சுற்றி வயல், வயல் முழுக்கத் தண்ணீர். டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார், க்ரெய்ட். நம் கட்டுவிரியன் பாம்பு, ராத்திரியில் தரையில் படுத்தவரைத் தேடி வருவது. அது கடித்தால் பல சமயம் வலிக்காது, தடமும் தெரியாது. தூக்கத்தில் இருக்கிறவர் எழுந்து வயிறு வலிக்கிறது என்பார். பிறகு இமை விழும், கழுத்து விழும், கடைசியில் மூச்சு விழும். விஷமுறிவு மருந்து ஓடத் தொடங்கியபோது அவள் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் இருந்தாள். மத்தியானத்துக்குள் மூச்சுக்குழாய் போட்டு மெஷினில் இணைத்தோம்.

இத்தோடு கதை முடிந்தது, சிஸ்டர் கெட்டிக்காரி என்று நினைத்தீர்களானால், அவசரப்படுகிறீர்கள். உண்மையான சோதனை வந்தது மறுநாள்தான்.

மறுநாள் செல்வி அசையவே இல்லை. கை, கால், முகம், எதுவும் இல்லை. டாக்டர் பிரகாஷைக் கூப்பிட்டு நிதானமாக விளக்கினார். ஷி இஸ் நாட் ஏபிள் டு ரெஸ்பான்ட், விஷம் தசையைக் கட்டிப்போட்டிருக்கிறது, காத்திருக்க வேண்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார். பிரகாஷும் தலையாட்டிக்கொண்டு வெளியே வந்து, ஊரிலிருந்த அப்பாவுக்குப் போன் போட்டார்.

"அண்ணி அன்கான்ஷியஸா இருக்காங்கப்பா. ரெஸ்பான்ஸே இல்லயாம்."

பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறவளும் பதிலே இல்லாதவளும் ஒன்றா? இல்லை என்று நமக்குத் தெரியும். பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அவர் சொன்னதைக் கேட்ட அப்பாவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது, மருமகள் போய்விட்டாள். மெஷின் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் உயிர் போனால் பிரேதமாகத்தான் திரும்ப வேண்டும், வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்று ஒரு பயம். அதனால் மூச்சு இருக்கும்போதே வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அன்பில்தான் செய்கிறார்கள், அதை மறக்காதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், வாசலில் வேன் நிற்கிறது. சொந்த விருப்பத்தில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட பிரகாஷ் பேனாவோடு நிற்கிறார். டாக்டர் பிரசவ வார்டில் ஓர் உயிரைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தார், கூப்பிட முடியாது. என் கீழே வேலை பார்த்த நர்ஸ் பெண், மெஷினை எடுத்தபின் கையால் மூச்சுக் கொடுக்கிற பையைத் தேடப் போய்விட்டாள். மெஷினை விட்டு எடுத்தால் குமராட்சி வரைக்கும் செல்வி தாங்க மாட்டாள்.

"தம்பி, அவுங்க முழிச்சிக்கிட்டுதான் இருக்காங்க" என்றேன்.

"வேணாம் சிஸ்டர். ஆறுதலுக்குச் சொல்லாதீங்க." கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அண்ணன் குவைத்லேருந்து கெளம்பிட்டாரு. வீட்லயாவது அவரு பாக்கட்டும். கொழந்தைய யாரு பாத்துக்கிறதுன்னு அம்மா அழுவுறாங்க."

இதையெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்தது செல்வியின் தலைமாட்டில் நின்று. எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். பிழைத்துவிடுவாள் என்று சத்தியம் செய்யவும் எனக்கு உரிமை இல்லை. என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. இந்த விஷத்தில் சில பேருக்குக் கால் விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் அசைவு மிஞ்சும். எல்லோருக்கும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். அவர் கண் முன்னால் நான் கேட்டு, விரல் அசையாவிட்டால்? அவள் உள்ளே விழித்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள், நானே அவளை வேனில் ஏற்றிவிட்ட மாதிரி ஆகும். கேட்காமல் விட்டாலும் வேனில்தான் ஏறப்போகிறாள். மாதாவை நினைத்துக்கொண்டு போர்வையை விலக்கினேன்.

"தம்பி, இங்க வந்து கால மட்டும் பாருங்க." அப்புறம் செல்வியிடம், "செல்வி, நான்தான், நேத்து ஒன்கிட்ட பேசுன சிஸ்டர். நான் பேசுறது கேட்டா கால் கட்டவெரல ஆட்டு."

ஒன்றும் இல்லை. மெஷின் மூச்சை இழுத்து விட்டது. பிரகாஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விடுங்க சிஸ்டர்."

அவளிடம் எதையும் மறைத்துப் பயனில்லை என்று பட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும், இனி அவளே சொல்லட்டும்.

"செல்வி, வாசல்ல வேன் வந்து நிக்குது. ஒன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவப் போறாங்க. போவ வேணாம்னா வெரல ஆட்டும்மா."

வலது கால் கட்டைவிரல் ஒரு முறை கீழே வளைந்து நிமிர்ந்தது. கொஞ்சமாகத்தான். பிறகு மறுபடியும். மறுபடியும். நிறுத்தவே இல்லை அவள்.

பிரகாஷ் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "அண்ணி!" என்று அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். கட்டில் எனக்கு எதுக்கு அண்ணி, கட்டில் எனக்கு எதுக்கு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. பிறகு அவர் அப்பாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பெரியவர் ஏதோ வாதாடினார்.

"இல்லப்பா! அண்ணி முழிச்சிக்கிட்டு இருக்காங்க! நம்ம பேசுறதெல்லாம் கேக்குது அவுங்களுக்கு. பதில் சொல்லத்தான் முடியல. வேன நான் திருப்பி அனுப்புறேன்."

இங்கிலீஷ் ஒரு வார்த்தை கலக்காமல் சொன்னார். பெரியவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து அந்தப் படுக்கைப் பக்கம் யாரும் அன்கான்ஷியஸ் என்று சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டேன். டாக்டரும் சரி என்றார். பிரகாஷ் லீவை நீட்டித்துக்கொண்டு உட்கார்ந்து பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். குழந்தை சாப்பிட்டது, எதிர்வீட்டுக்காரி போட்ட சண்டை, அண்ணன் வந்து இறங்கியது என்று ஒன்று விடவில்லை. ஒரு காலையில் செல்வியின் இமை நெல் முனை அளவு உயர்ந்தது. பிறகு கண், பிறகு கை. குழாயை எடுத்த அன்று அவள் குரல் கரகரவென்று வந்தது.

வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள், நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாம் கேட்டுச்சு சிஸ்டர். வேன் வந்துருக்குன்னு சொன்னதும் கேட்டுச்சு, கொழந்தைய யாரு பாத்துக்கிறதுன்னு பேசுனதும் கேட்டுச்சு. கத்தணும்னு பாத்தேன். வெரல்தான் கெடச்சுது."

சீப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி என் கால புடிச்சிக்கிட்டு அழுதுச்சே, அதுவும் கேட்டுச்சு" என்றாள். "அது ஒங்ககிட்ட வந்து கேக்கும் சிஸ்டர், எனக்குத் தெரியும். எதுவும் கேட்டுருக்காதுன்னு சொல்லிடுங்க. பாவம், காலம் பூரா அதையே நெனச்சிக்கிட்டு இருக்கும்."

செல்வி சொன்ன மாதிரியே பிரகாஷ் மறுநாள் என்னிடம் வந்தார். கையில் பழப் பை. கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"சிஸ்டர், வெரல ஆட்டுறதுக்கு முன்னாடி நான் அங்க நின்னு பேசுனேன்ல... அதெல்லாம் அண்ணிக்குக் கேட்டுருக்குமா?"

செல்வி அந்தப் பக்கம் திரும்பிப் பையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"இல்ல தம்பி. அப்போ தூங்கிக்கிட்டு இருந்தாங்க. நல்ல தூக்கம்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுப் பழத்தை என் கையில் திணித்துவிட்டு, அண்ணியின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

தூக்கம் என்பது அங்கே எவ்வளவு தப்பான வார்த்தை என்று இந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் இப்போது தெரியும். அதை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.